சியாங் மாய்: மலை ஊர் என்று நம்பி மார்ச்சில் கிளம்பும் முன்

18 ஆகஸ்ட் 2025, காலை (கேள்வி)

கோயம்புத்தூர்ல இருந்து அஞ்சு பேர் கிளம்பறோம். நாங்க ரெண்டு பேர், 9 வயசுப் பொண்ணு, அப்பா 68, அம்மா 64. மார்ச் கடைசியில பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சதும் ஒரு வாரம் சியாங் மாய்ல இருக்கலாம்னு எண்ணம். மலை ஊர்தானே, ஊட்டி மாதிரி குளுகுளுன்னு இருக்கும், பாங்காக் வெயில்ல அலைய வேண்டாம்னு கணக்குப் போட்டிருக்கேன். அப்பா அம்மா சுத்த சைவம், முட்டை கூட ஆகாது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? டிக்கெட் இன்னும் போடலை, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

18 ஆகஸ்ட் 2025, மாலை

டிக்கெட் போடாதது நல்லதாயிற்று. மார்ச் கடைசி வேண்டாம்.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். சியாங் மாய் சுமார் 310 மீட்டர். உங்கள் கோயம்புத்தூரே 411 மீட்டர், அதைவிட இது தாழ்வு. மலைகள் ஊரைச் சுற்றி இருக்கின்றன, ஊர் பிங் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. மார்ச் ஏப்ரலில் பகல் வெயில் 36, 38 டிகிரி சாதாரணம், 40 தொடும் நாளும் உண்டு.

வெயிலையாவது சமாளித்துவிடலாம், புகையைச் சமாளிக்க முடியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத் தீயும், மக்காச்சோளத் தட்டை, வைக்கோல் எரிப்பும் வட தாய்லாந்து முழுக்க நடக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் மியான்மரிலிருந்தும் புகை வரும். அந்தப் பருவத்தில் மழையும் கிடையாது, காற்றும் கிடையாது. பள்ளத்தாக்கின் மேல் வெப்பக் காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ள, அடியில் இருக்கும் குளிர்ந்த காற்று புகையோடு அப்படியே நிற்கும். மோசமான நாள்களில், 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோய் சுத்தேப் மலை ஊருக்குள்ளிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. உலகிலேயே காற்று மிக மோசமான நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் மார்ச் மாதத்தில் முதலிடத்துக்குப் போன நாள்கள் உண்டு.

68 வயதுக்காரரையும் 9 வயதுக் குழந்தையையும் அந்தக் காற்றில் ஒரு வாரம் வைத்திருக்கக் கூடாது. துணி மாஸ்க்கோ சாதாரண மருத்துவ மாஸ்க்கோ பி.எம். 2.5 என்னும் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் 38 டிகிரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கோயில் கோயிலாக எவ்வளவு நேரம் நடப்பார்கள்?

தேதியை மாற்றுங்கள், மீதி எல்லாம் அப்புறம் பேசலாம்.

19 ஆகஸ்ட் 2025

நேற்று பிப்ரவரி என்று மொத்தமாகச் சொன்னது கொஞ்சம் அதிகம். பல ஆண்டுகளில் பிப்ரவரி முதல் பாதி வரை தாங்கும். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அங்கே மலர்த் திருவிழாவே நடக்கும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் பிப்ரவரியில் போகிறவர்கள் ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். சியாங் மாய் பல்கலைக்கழகத்தின் 'டஸ்ட்பாய்' என்ற காற்றுமானிகள் ஊர் முழுக்க இருக்கின்றன, அளவை இணையத்திலேயே பார்க்கலாம். பி.எம். 2.5-இன் 24 மணி நேரச் சராசரிக்கு தாய்லாந்து வைத்திருக்கும் வரம்பு கன மீட்டருக்கு 37.5 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு வைத்திருப்பது 15. கிளம்புவதற்கு முந்தைய வாரம் 75-க்கு மேலேயே நின்றால் தெற்கே கடற்கரைப் பக்கம் திரும்பிவிடுங்கள்.

மே மாதம் மழை வந்து கழுவிவிட்டதும் காற்று சுத்தமாகிவிடும். ஜூன், ஜூலை பச்சைப்பசேல் என்று இருக்கும், அறை வாடகையும் குறைவு. ஆகஸ்ட், செப்டம்பரில்தான் மழை கனம். 2024 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பிங் ஆறு கரை புரண்டு, இரவுச் சந்தை இருக்கும் சாங் க்லான் சாலைப் பக்கம் தண்ணீரில் நின்றது. செப்டம்பர், அக்டோபரில் போனால் ஆற்றோரம் அறை எடுக்காமல் அகழிக்குள் பழைய நகரத்தில் எடுங்கள்.

19 ஆகஸ்ட் 2025, இரவு (கேள்வி கேட்டவர்)

நல்லவேளை கேட்டேன். அண்ணா, அரையாண்டு லீவு? டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை.

20 ஆகஸ்ட் 2025

வானிலைக்கு அதைவிட நல்ல வாரம் கிடையாது. ஊருக்குள் காலையில் 15 டிகிரி, பகலில் 28, மழை இல்லை. ஆனால் தாய்லாந்து மக்களே குளிர் அனுபவிக்க அங்கே வரும் வாரம் அது, வாடகையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். அறையைச் செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறை ஒத்துவந்தால் அது இன்னும் நிம்மதி.

எங்கே தங்குவது? பழைய நகரம் அகழி சூழ்ந்த சதுரம், பக்கத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம். மங்ராய் மன்னர் 1296-ல் அமைத்தது. கிழக்கே தா பே வாசல், வடக்கே சாங் புவக், மேற்கே சுவன் தோக், தெற்கே சியாங் மாய் வாசல். தென்மேற்கில் சுவன் ப்ருங் என்று ஐந்தாவதும் உண்டு. பெரியவர்களோடு போகிறவர்கள் தா பே வாசலிலிருந்து பத்து நிமிட நடைக்குள் எடுத்தால் பாதி இடங்களுக்கு வண்டியே வேண்டாம். பழைய நகரத்துக்கு மேற்கே நிம்மான் பக்கம் காபிக் கடையும் புதுக் கட்டடமும் அதிகம், ஆனால் விமான ஓடுபாதை தெற்கு வடக்காகக் கிடப்பதால் நிம்மானுக்கு மேலேயே விமானங்கள் ஏறி இறங்கும். தூக்கம் லேசானவர்களுக்கு ஆகாது.

23 ஆகஸ்ட் 2025

விமானம் பற்றி. விலை தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. பாங்காக்கில் விமான நிலையம் இரண்டு: சுவர்ணபூமி, தோன் முவாங். நகரத்தின் இரு கோடிகள், சாலை வழியாக 45 கிலோமீட்டர் போல. இங்கிருந்து போகும் விமானம் ஒன்றில் இறங்கி, சியாங் மாய் விமானம் இன்னொன்றிலிருந்து கிளம்பும்படி மலிவு டிக்கெட் சேர்ந்துவிடும். நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியைப் பார்த்துப் போடுங்கள்: பிகேகே என்றால் சுவர்ணபூமி, டிஎம்கே என்றால் தோன் முவாங். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே இலவசப் பேருந்து உண்டு, அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். குடியேற்ற வரிசையும் சேர்த்து 5 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

விசா: 2024 ஜூலை 15-ல் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அறிவித்தார்கள். இந்த விதி அடிக்கடி மாறுகிற விதி, டிக்கெட் போடும் அன்று தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் தனியாக ஒன்று. அது இலவசம். தேடும்போது மேலே வந்து நிற்கும் சில தளங்கள் அதற்குப் பணம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

24 ஆகஸ்ட் 2025

ரயிலை மறந்துவிட்டேன். பாங்காக்கில் ஒரு நாளாவது இருப்பதாக இருந்தால் ஒருவழி ரயிலில் போங்கள், பெண்ணுக்குப் பிடிக்கும். 9-ஆம் எண் விரைவு ரயில் க்ருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்து மாலை 6.40-க்குக் கிளம்பி மறுநாள் காலை 7.15-க்குச் சேரும். பழைய வழிகாட்டிகளில் ஹுவா லம்போங் என்று இருக்கும், நம்பி அங்கே போய் நிற்காதீர்கள். நீண்டதூர ரயில்கள் 2023 ஜனவரியிலேயே புது நிலையத்துக்கு மாறிவிட்டன.

கீழ்ப்படுக்கை அகலம், சன்னலும் அதற்குத்தான். மேல்படுக்கை குறுகல். அப்பா அம்மாவுக்குக் கீழே போடுங்கள். படுக்கையை ஊழியரே விரித்துத் தருவார். ஏசி நன்றாகக் குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டால் ராத்திரி எடுக்க முடியாது. டிசம்பர் கடைசிக்கு டிக்கெட் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். விடியும் நேரத்தில் குன் தான் சுரங்கம் வரும், 1,352 மீட்டர். அதைத் தாண்டியதும் மலை இறங்கி லம்பூன் சமவெளி திறக்கும். அதைப் பார்க்க எழுப்பிவிடுங்கள்.

2 செப்டம்பர் 2025

ஊருக்குள் சுற்றுவதற்குச் சிவப்பு வண்டி. பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப், 'ரோத் தேங்' என்பார்கள், பொதுப்பெயர் சோங் தேவ். நம் ஷேர் ஆட்டோவின் அண்ணன். கைகாட்டி நிறுத்தி, நடைபாதைப் பக்கச் சன்னலில் இடத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். ஓட்டுநர் தலையசைத்தால் ஏறலாம். அசைக்காவிட்டால் அவர் போகும் திசை வேறு, அடுத்த வண்டி. ஊருக்குள் ஆளுக்கு 30 பாட். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கூரையில் இருக்கும் பொத்தானை அழுத்தி இறங்கி, அதே சன்னல் வழியாகக் காசு.

ஏறும் முன் "எவ்வளவு?" என்று கேட்டால், முழு வண்டியையும் வாடகைக்குக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு 150, 200 சொல்வார்கள். அதற்கு அங்கே 'மாவ்' என்று பெயர். ஐந்து பேருக்கு 30 வீதம் 150 ஆகிறது, அதனால் உங்கள் குடும்பத்துக்குப் பல நேரம் மாவ் வண்டியோ கிராப், போல்ட் செயலியோ அதே கணக்குதான். ஒன்று, இரண்டு பேராகப் போகிறவர்களுக்குத்தான் பங்குவண்டி லாபம்.

விடுதியின் பெயரைச் சொன்னால் ஓட்டுநருக்குத் தெரியாது. பக்கத்துக் கோயில், வாசல், சந்தை, இதில் ஒன்றைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அகழியின் இருகரைச் சாலையும் ஒருவழி. வெளிச்சாலை கடிகாரச் சுற்று, உள்சாலை அதற்கு எதிர்ச் சுற்று. எதிர்க்கரையில் இருக்கும் கடைக்கு வண்டி அரைச் சுற்று சுற்றித்தான் வரும். இந்தக் கரையிலேயே இறங்கி, பாலத்தில் நடந்து போய்விடுங்கள்.

5 செப்டம்பர் 2025

சாப்பாடு. சைவம் என்றால் மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்தாக ஒரு குறி தொங்கும் கடையைத் தேடுங்கள். பார்ப்பதற்கு 17 என்ற எண் மாதிரி இருக்கும், படிப்பது 'ஜே'. அந்தக் கடையில் மீன் சாறு, இறால் விழுது எதுவும் கிடையாது.

மற்றக் கடைகளில் "காய்கறி மட்டும்" என்று கேட்டால் காய்கறிதான் வரும், ஆனால் மீன் சாறு ஊற்றி வரும். அங்கே அது நமக்கு உப்பு மாதிரி. பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறாலையும் சேர்த்தே இடிப்பார்கள். "மாய் சாய் நாம் ப்லா" என்றால் மீன் சாறு வேண்டாம். "மாய் சாய் குங் ஹேங்" என்றால் உலர் இறால் வேண்டாம். சொல்லிவிட்டு உரலின் பக்கத்தில் நில்லுங்கள். கை பழக்கத்தில் போட்டுவிடும்.

ஊரின் பெருமை காவ் சோய். மஞ்சளும் மசாலாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த குழம்பு, அடியில் மெத்தென்ற முட்டை நூடுல்ஸ், மேலே அதே நூடுல்ஸ் மொறுமொறுவென்று பொரித்து ஒரு பிடி. கூடவே ஒரு சிறு தட்டு வரும்: கடுகுக்கீரை ஊறுகாய், நறுக்கிய பச்சைச் சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு. தட்டை அப்படியே வைத்துவிட்டு நூடுல்ஸை மட்டும் சாப்பிட்டால் பாதிக்குமேல் திகட்டும். எலுமிச்சையை முழுக்கப் பிழிந்து, ஊறுகாயையும் வெங்காயத்தையும் உள்ளே தள்ளி, அடியிலிருந்து கிளறுங்கள். தேங்காய்ப்பாலின் கனத்தைப் புளிப்பு வெட்டிய பிறகுதான் அதன் ருசி தெரியும். யுன்னானிலிருந்து வந்த சீன முஸ்லிம் வணிகர்களின் வழியாக வந்த பண்டம் என்பார்கள். இரவுச் சந்தைக்குப் பக்கத்தில் பான் ஹோ பள்ளிவாசல் சந்தில் இன்றும் ஹலால் காவ் சோய் கிடைக்கும், வெள்ளிக்கிழமை காலை அங்கே யுன்னான் சந்தையும் கூடும்.

6 செப்டம்பர் 2025

நேற்றைய குறிப்பில் திருத்தம், உங்கள் அப்பா அம்மாவுக்கு இது முக்கியம். ஜே என்பது நம் வீட்டுச் சைவம் மாதிரி இல்லை. முட்டையும் பாலும் கிடையாது, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. இவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் கடையில் தயிர் கேட்டு நிற்க வேண்டாம். இன்னொரு சொல் 'மங்சவிரத்', அதாவது மாம்ச விரதி, நமக்கும் புரிகிற சொல். அதில் முட்டை உண்டு. எனவே முட்டை ஆகாதவர்கள் மங்சவிரத் என்று சொல்லாமல் ஜே என்றே கேட்பது பாதுகாப்பு. "கின் ஜே" என்றால் ஜே சாப்பிடுகிறேன் என்று பொருள், பெண்கள் கடைசியில் 'கா' சேர்ப்பார்கள், ஆண்கள் 'க்ரப்'.

ஜே கடையிலும் கோழி, பன்றி, மீன் மாதிரியே வடிவம் செய்த சோயா பண்டம் தட்டில் இருக்கும். பெரியவர்கள் பார்த்துத் திடுக்கிடாமல் இருக்க முன்பே சொல்லி வையுங்கள். பல கடைகள் மதியம் தாண்டினால் பாத்திரம் கழுவிவிடுவார்கள், காலை 11 மணிக்குள் போங்கள்.

மாம்பழமும் ஒட்டரிசியும் சாப்பிட ஆசைப்பட்டால், மாம்பழப் பருவம் அங்கேயும் கோடைதான். டிசம்பரில் ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு.

14 செப்டம்பர் 2025

ஸ்கூட்டர். சாலையில் இடப்பக்கம்தான், நம் ஊர் மாதிரியே, அதனால் எல்லோரும் துணிந்து எடுத்துவிடுகிறார்கள். தேவை: ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதில் இருசக்கர வண்டிக்கான பிரிவு இருக்க வேண்டும். கார் பிரிவு மட்டும் இருந்தால் செல்லாது. அகழியோரமும் ஹுவாய் கேவ் சாலையிலும் போலீஸ் சோதனை வழக்கம். அபராதம்கூடச் சின்ன விஷயம், உரிய அனுமதி இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு ஒரு பைசா தராது. மருத்துவமனைச் செலவு முழுக்கக் கைக்காசு.

கடவுச்சீட்டை அடகாகக் கேட்கும் கடையில் எடுக்காதீர்கள். நகலும் ரொக்க முன்பணமும் வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. எடுக்கும் முன் வண்டியின் கீறல்களை, டயர், கண்ணாடி, அடிப்பக்கம் உட்படக் கடைக்காரர் எதிரில் வீடியோ எடுங்கள்.

ஐந்து பேர், அதில் இருவர் பெரியவர்கள். உங்களுக்கு ஸ்கூட்டர் வேண்டாம் என்பதே என் கருத்து.

21 செப்டம்பர் 2025

இன்னொருவர் கேட்டிருந்தார்: "யீ பெங் விளக்குத் திருவிழா நம்ம திருக்கார்த்திகை அன்னைக்குத்தானே? அந்தத் தேதியைப் பார்த்து டிக்கெட் போட்டுடலாமா?"

போடாதீர்கள், ஒரு மாதம் தவறிவிடும். யீ பெங்கும், ஆற்றில் தெப்பம் விடும் லோய் க்ரதோங் திருவிழாவும் தாய் சந்திரக் கணக்கில் 12-ஆம் மாதப் பௌர்ணமி. 2024-ல் நவம்பர் 15, இந்த ஆண்டு நவம்பர் 5. இரண்டும் நமக்கு ஐப்பசிப் பௌர்ணமி, சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் நாள். திருக்கார்த்திகை இந்த ஆண்டு டிசம்பர் 3-ல்தான்.

வானத்தில் காகித விளக்கு விடுவதைப் படத்தில் பார்த்துப் போகிறவர்களுக்கு: ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் ஏறும் அந்தக் காட்சி ஊருக்கு வெளியே கட்டணம் வாங்கி நடத்தும் நிகழ்ச்சி, ஆளுக்குப் பல ஆயிரம் பாட். ஊருக்குள் விளக்கு விட நேரமும் இடமும் கட்டுப்பாடு. அந்த நாள்களில் மாலைக்கு மேல் பல விமானங்கள் ரத்தாகும், நேரம் மாறும். வருவதோ போவதோ பகல் விமானமாகப் போடுங்கள். காசு செலவில்லாமல் பார்க்க, நவரத் பாலத்தின் பக்கம் ஆற்றில் வாழைமட்டைத் தெப்பம் விடுவதும், கோயில் முற்றங்களில் வரிசையாக அகல் ஏற்றுவதும் போதும். நம் வீட்டு வாசலில் நிற்பது மாதிரியே இருக்கும்.

22 செப்டம்பர் 2025

மேலே சொன்னதில் ஒரு விலக்கு. அதிக மாதம் வரும் ஆண்டுகளில் இரண்டும் ஒட்டிவந்துவிடும்: 2023-ல் திருக்கார்த்திகை நவம்பர் 26, லோய் க்ரதோங் நவம்பர் 27. அதனால் கேட்டவர் முழுக்கத் தவறில்லை. அந்த ஆண்டை வைத்துச் சொல்லியிருக்கலாம்.

சித்திரைக் கணக்கில் அந்தக் குழப்பமே இல்லை. தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் ஏப்ரல் 13 முதல் 15, நம் புத்தாண்டை ஒட்டியே. அகழித் தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றுவார்கள். புகையும் அப்போது இன்னும் போயிருக்காது.

4 அக்டோபர் 2025

மலைகளுக்கு வருவோம், நீங்கள் கேட்ட குளிர் அங்கேதான்.

தோய் சுத்தேப் அரை நாள். கோயில் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே. சாங் புவக் வாசலிலிருந்தும் பல்கலைக்கழக வாசலிலிருந்தும் சிவப்பு வண்டி கிளம்பும், ஆள் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். ஐந்து பேர் என்பதால் போக வர, மேலே ஒன்றரை மணி நேரம் காத்திருக்க என்று மொத்தமாகப் பேசிவிடுங்கள், கீழே திரும்பி வந்த பிறகு காசு கொடுங்கள். நாகப் படிக்கட்டு 300 படிக்கு மேல். முழங்கால் வலிக்காரர்களுக்கு பக்கத்திலேயே இழுவைப்பெட்டி இருக்கிறது, சிறு கட்டணம். காலை 8 மணிக்குள் மேலே இருந்தால் கூட்டமும் இல்லை, பளிங்குத் தரையும் காலைச் சுடாது.

தோய் இந்தனோன் முழு நாள். 2,565 மீட்டர், தாய்லாந்தின் உச்சி. சியாங் மாயின் கடைசி அரசர்களில் ஒருவரான இந்தவிசயனோன் பெயர், அவரது அஸ்தியும் அங்கே இருக்கிறது. ஊரிலிருந்து இரண்டு மணி நேரம். வேனைக் காலை 5.30-க்கு எடுங்கள். டிசம்பர் விடியலில் உச்சியில் 5 டிகிரி, சில நாள் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிப் புல்லில் உறைபனி படியும். காதுமறைக்கும் குல்லா, கையுறை இங்கிருந்தே.

உச்சியில் ஆங் கா நடைபாதை. பாசி தொங்கும் மரங்களுக்கு நடுவே மரப்பலகைப் பாதை, அரை கிலோமீட்டருக்கும் குறைவு, அப்பா அம்மாவுக்கு ஏற்றது. பலகை ஈரத்தில் வழுக்கும், ரப்பர் அடி உள்ள செருப்பு அல்லது ஷூ. கியூ மே பான் பாதை சுமார் 3 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம், உள்ளூர் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், ஒரு குழுவுக்கு 200 பாட். மழைக்காலத்தில் மூடியிருக்கும், நவம்பரிலிருந்து திறப்பு. நீங்கள் இரண்டு பேரும் பெண்ணும் அதற்குப் போக, பெரியவர்கள் இரட்டைச் சேத்தியத் (பௌத்தத் தூபி) தோட்டத்தில் இருக்கலாம்.

5 அக்டோபர் 2025

கட்டணம் விட்டுப்போயிற்று. பூங்கா நுழைவு வெளிநாட்டுப் பெரியவருக்கு 300 பாட், குழந்தைக்கு 150, வண்டிக்குத் தனி. சேத்தியங்களுக்குத் தனிச் சீட்டு. பூங்காச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மேலே இன்னொரு சாவடியில் கேட்பார்கள். வேன் பேசும்போது பெட்ரோல் வாடகைக்குள் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், அங்கேதான் தகராறு வரும்.

டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை இந்தனோன் போகவே வேண்டாம். வண்டிகள் மலையடிவாரம் வரை வரிசை நிற்கும். 25 அல்லது 26-ஐ அதற்கு ஒதுக்குங்கள். ஞாயிறு 28 மாலை ராச்சதம்னோன் சாலையின் நடைச் சந்தைக்கு, தா பே வாசலிலிருந்து 5 மணிக்கே நுழைந்துவிடுங்கள். 7 மணிக்கு மேல் பெரியவர்களைக் கூட்டம் நெருக்கிவிடும்.

11 அக்டோபர் 2025

மிச்சம் மீதி.

ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள், எனவே குறைந்த தடவை, பெரிய தொகை. திரையில் ரூபாய்க்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். மறுத்துவிட்டு பாட்டிலேயே எடுங்கள், மாற்று விகிதத்தில் அங்கே நல்ல தொகை போய்விடும். ரூபாய் நோட்டுக்கு அங்கே விலை குறைவு. டாலராகக் கொண்டுபோனால் மடிப்பும் எழுத்தும் இல்லாத 100 டாலர் நோட்டு.

கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. வத் செடி லுவாங் என்ற கோயிலில் 1545 நிலநடுக்கத்தில் மேல்பாதி சரிந்த பெரிய சேத்தியம் இருக்கிறது, சாயங்கால வெளிச்சத்தில் பாருங்கள். அதே வளாகத்தில் நகரத் தூண் இருக்கும் மண்டபத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. வாசல்வரை போய் அம்மா வருத்தப்படாமல் இருக்க முன்பே சொல்லிவிடுங்கள். பிக்குகள் கையில் பெண்கள் நேரடியாக எதையும் கொடுக்கக் கூடாது, கீழே வைத்தால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

யானை முகாம் என்றால் சவாரியும், யானையோடு குளியலும் விற்காத இடமாகப் பாருங்கள். 'சரணாலயம்' என்று பலகை வைத்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அட்டவணையைக் கேளுங்கள். ஒரு நாளில் மூன்று கூட்டம் வந்து அதே யானையைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறதென்றால் அதற்கு ஓய்வு எங்கே?

பாய் என்ற மலையூருக்கு ஒரு நாளில் போய்வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1095-ஆம் சாலையில் 762 வளைவு, ஒருவழிக்கு 3 மணி நேரம். பெண்ணுக்குப் பேருந்தில் தலைசுற்றும் என்று நீங்களே சொன்னீர்கள். இந்தப் பயணத்தில் பாயை விட்டுவிடுங்கள்.